சாரலில் ரத்தம் எடுக்கப் போனேன்

குற்றாலத்துக்குப் போகிறேன் என்று சொன்னதும் சென்னையில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. ஆடி மாதம், சாரல் உச்சத்தில் இருக்கிறது, பையன் அரசாங்கச் செலவில் அருவிக்குப் போகிறான்! கண்ணாடிக் குழாய் கழுவும் கோவிந்தன் ஒரு சின்னப் பாட்டில் நல்லெண்ணெய் கொண்டுவந்து நீட்டி, "நல்லாத் தேய்ச்சிக்கினு குளி சார்" என்றார். அதில் ஒரு சொட்டுகூட என் தலையில் படவில்லை. ஏழு நாள் இருந்தேன். அருவியைத் தூரத்திலிருந்து மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் என் மடியில் ஐஸ் பெட்டி இருந்தது.

போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். மலேரியா திரும்பத் திரும்ப வந்தவர்களின் ரத்தத்தில் அந்தக் காய்ச்சலை எதிர்க்கும் பொருள் ஒன்று சேர்கிறது. என்றாவது ஒரு நாள் மலேரியாவுக்குத் தடுப்பூசி வந்தால், அது உடம்பில் வேலை செய்ததா என்று தெரிந்துகொள்ள இந்த எதிர்ப்பொருளை அளந்துதான் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு முன்னால், இயற்கையாகக் காய்ச்சல் கண்டவர்களிடம் அது எவ்வளவு இருக்கிறது, மழைக்கு முன் எவ்வளவு, மழைக்காலத்தில் எவ்வளவு என்று தெரியாமல் என்ன செய்ய முடியும்? எங்கள் பெரிய டாக்டரின் கேள்வி இதுதான். அளப்பது என் வேலை. ரத்தம் உறைந்ததும் மேலே தெளிந்து நிற்கும் சீரத்தை எடுத்து, முதல் குழாயில் இருப்பதைப் பாதியாக நீர்த்து இரண்டாவதில், அதைப் பாதியாக நீர்த்து மூன்றாவதில் என்று கொண்டுபோவேன். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டைக் கிருமி பரப்பிய கண்ணாடித் தகட்டில் விட்டு, சாயம் சேர்த்து, இருட்டறையில் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். எதிர்ப்பொருள் இருந்தால் கிருமி பச்சையாக ஒளிரும். எத்தனையாவது குழாய்வரை ஒளிர்கிறதோ அதுதான் அளவு.

பங்குனியில் என் சீனியர் ஒருவர் குற்றாலத்துக்கு அப்பால் மலையடிவாரத்தில் ஒரு சிற்றூருக்குப் போய், வீட்டுக்கு ஒருவராக இருபத்து நாலு ஆண்களிடம் ரத்தம் எடுத்து வந்தார். நான் அளந்தேன். அதில் ஐந்து பேருக்கு ஒரே அளவு. ஐந்துமே ஆறாவது குழாய்வரை பச்சை. ஐந்து வீடும் ஒரே ஓடைத் திருப்பத்தில் அடுத்தடுத்து இருப்பவை. பெரிய டாக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "ஒரே ஓடை, ஒரே கொசு, ஒரே அளவு!" என்று வராந்தாவில் நடந்துகொண்டே சொன்னார். ஒரு கட்டுரையை எழுதி டைப்பும் அடித்தாகிவிட்டது. சாரல் பிடித்த பிறகு அதே ஐந்து பேருக்கும் அளவு ஒன்றுபோல ஏறியிருக்கிறது என்று காட்டிவிட்டால் அச்சுக்குப் போகும். "உன் பேரும் வரும்டா" என்றார்.

எங்கள் வீட்டில் பெயர் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். திருவண்ணாமலைப் பக்கத்து ஊரில் அப்பா இன்னும் கைநாட்டு. என் பெயர் அச்சில் வரப்போகிறது என்று நான் எழுதிய கார்டைத் தபால்காரரை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாராம். சீனியர் அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டதால், அந்தச் சாரல் பருவ ரத்தத்தை எடுத்துவர நான் கிளம்ப வேண்டியதாயிற்று.

தென்காசியில் இறங்கியதுமே காற்று அடித்தது. பிளந்து நிற்கும் மொட்டைக் கோபுரத்துக்கு எதிரே என் குடை மேல்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. அதை மறுபடி குடையாக்குவதற்குள் நனைந்துவிட்டேன். மழை என்றும் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் மழை வந்தால் வரும், போனால் போகும். இங்கே மாவு சலிப்பதுபோல நாள் முழுக்கத் தூவுகிறது. இதற்காகவே ரயிலேறி வருகிறார்கள்! வத்திக்குச்சி பற்றவில்லை. சட்டை காயவில்லை. நான் கொண்டுபோன கோந்துச் சீட்டுகள் பைக்குள்ளேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

குற்றாலத்தில் அறை கிடைக்கவில்லை. கடைசியில் தென்காசியிலேயே, புளியங்குடியிலிருந்து எலுமிச்சை வரவழைக்கும் வியாபாரி ஒருவரின் கிடங்கு மாடியில் இடம் கிடைத்தது. அடுத்த கவலை ஐஸ். சீரம் கெடாமல் இருக்க ஐஸ் வேண்டும். கொல்லத்திலிருந்து செங்கோட்டை வழியாக மீன் லாரி வருகிறது, அதில்தான் ஐஸ் என்றார்கள். மீன்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐஸ் மட்டும் வேணுமா? மீனு?"

"மீன் வேண்டாங்க."

"மீனு இல்லாம ஐஸ வச்சு என்னய்யா செய்வீரு? சாளை நல்லாருக்கு, ரெண்டு போடட்டுமா?"

விளக்கிப் பார்த்தேன். பலனில்லை. ஐஸோடு சாளையின் வாசனையும் இலவசமாக வந்தது. அன்று முதல் என் அறையில் எலுமிச்சையும் மீனும் கலந்த மணம். அடுப்பு ஒன்றுதான் பாக்கி.

மறுநாள் காலை குற்றாலம் பஸ்ஸில் கண்டக்டர் பெட்டியை மோந்து பார்த்தார். "மீனா? மேல ஏத்தும்."

மேலே ஏற்றினால் குலுக்கலில் கண்ணாடிக் குழாய்கள் என்ன ஆகும்? "மீன் இல்லைங்க. ரத்தம் எடுக்கிற சாமான்" என்று உண்மையைச் சொன்னேன். தலையில் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருத்தி, "ஏட்டி, இந்தப் பக்கம் வா" என்று மகளை இழுத்துக்கொண்டாள்.

கண்டக்டர் விசில் ஊதினார். "மீனுன்னா மேல. ரத்தம்னா கீழ. எறங்கும் வே."

இறங்கினேன். அடுத்த பஸ்ஸில் மாம்பழம் என்று சொல்லி ஏறினேன். படித்த படிப்புக்கு முதல் பயன்.

குற்றாலத்தில் ஒரு ஓட்டலில் காலைச் சாப்பாடு. பெட்டியை வாசலில் வைத்தால்தான் உள்ளே வரலாம் என்றார் முதலாளி. நான் இலை முன்னால் உட்கார்ந்து பெட்டியைப் பார்த்துக்கொண்டே இட்லி தின்றேன். ஒரு பூனையும் பார்த்துக்கொண்டிருந்தது. இட்லி நன்றாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் காப்பி கேட்டால் கருப்பட்டிக் காப்பி வருகிறது. சீனி கேட்டேன். "ஒடம்புக்குச் சூடு, இதக் குடியும்" என்று பரிமாறுகிறவர் எனக்காக முடிவு செய்துவிட்டுப் போனார். எங்கள் ஊரில் விருந்தாளி கேட்டதைக் கொடுப்பார்கள். இங்கே விருந்தாளிக்கு எது நல்லதோ அதைக் கொடுக்கிறார்கள்.

அங்கிருந்து மாட்டு வண்டியில் ஊர். மலையிலிருந்து இறங்கும் ஓடை, ஓடையிலிருந்து பிரியும் கால்வாய், கால்வாய்க்கு இந்தப் பக்கம் இருபத்து நாலு வீடு. சுவர்களில் கொசு மருந்தடித்த தேதிகள். அந்தக் கால்வாயில் யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை பார்ப்பவர் மாடசாமி அண்ணாச்சி. பங்குனியில் சீனியருக்கு ஆள் கூட்டித் தந்தவரும் அவர்தான். நான் பெயர்ப் பட்டியலை நீட்டினேன்.

"இதே ஆளுக எல்லாரும் வேணும் அண்ணாச்சி. ஒருத்தர் விடாம."

"அதுக்கென்ன? வீட்டுக்கு ஒரு ஆளு. மூணு நாள்ல முடிச்சிரலாம்" என்றார்.

மதகுப் பக்கம் ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்தேன். அண்ணாச்சி வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார், ஒருவர் உள்ளே வந்து, "ஆமா" என்று கையை நீட்டுவார், நான் பெயரை எழுதி, நரம்பைத் தேடி, ஊசி போட்டு, குழாயில் இறக்கி, பிளாஸ்திரியால் சீட்டை ஒட்டுவேன். ஊசி மழுங்கல், கை ஈரம், கொட்டகை ஒழுகல். தலை நிமிர நேரமில்லை. சாயங்காலம் வண்டி, பஸ், அறை. காலையில் எழுந்து, தெளிந்த சீரத்தைப் பிரித்து ஐஸில் வைத்து, மறுபடி மாம்பழம் என்று சொல்லி பஸ் ஏற வேண்டும். இப்படி இரண்டு நாள்.

மூன்றாம் நாள் காலை அந்த ஐந்து பேரில் முதலாவது பெயர் வந்தது. கந்தையா. இதற்கென்றே புது ஊசி வைத்திருந்தேன். கறுத்து, இறுகி, நரம்பு புடைத்த நல்ல கை. ஒரே குத்தில் ரத்தம் வந்தது. எழுதினேன்: கந்தையா.

மத்தியானம் இரண்டாவது பெயர். சண்முகவேல். "ஆமா" என்று நீண்ட கையைப் பிடித்தேன். அதே மாதிரி நல்ல நரம்பு. துடைக்கும்போது அதே ஆளின் மறு கை கண்ணில் பட்டது. முழங்கை மடிப்பில், காலையில் நான் வைத்த பஞ்சு, நான் ஒட்டிய பிளாஸ்திரி.

வந்த மூன்று நாளில் முதல்முறையாக ஒரு முகத்தைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். பல் தெரியச் சிரித்தான்.

"நீ காலையில கந்தையா இல்ல?"

"காலையில கந்தையா வீடு. இப்ப சம்முவேலு வீடு."

"உன் பேரு என்ன?"

"இசக்கி."

நான் ஊசியைக் கீழே வைத்தேன். "அண்ணாச்சி!" என்று கத்தியது மதகு தாண்டிக் கேட்டிருக்கும். மாடசாமி அண்ணாச்சி நிதானமாக உள்ளே வந்தார்.

"என்ன தம்பி, நரம்பு கெடைக்கலையா?"

"இவர் சண்முகவேல் இல்லை!"

"இல்லை. சம்முவேலு கெழக்க நாத்து நடப் போயிருக்கான். அவன் வீட்டுக்கு இவன் நிக்கான்."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. வருஷா வருஷம் கால்வாய் தூர் வாரும்போது வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும். அந்த வீட்டு ஆள்தான் வர வேண்டும் என்று சட்டமில்லை. முடியாதவர் தனக்குப் பதில் ஒருவனை நிறுத்தலாம். கூப்பிடும்போது அவன் அந்த வீட்டின் பெயருக்கு "ஆமா" என்பான், அந்த வீடு வந்ததாகக் கணக்கு. பின்னால் இவனுக்கு விறகோ, நெல்லோ, ஒரு நாள் உழைப்போ அந்த வீட்டிலிருந்து திரும்பி வரும். இதில் ஒளிவுமறைவு கிடையாது. பங்குனியில் சீனியர் வந்து "வீட்டுக்கு ஒரு ஆள்" என்றதும் ஊர் இதையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டது.

"பங்குனியிலயும் நீதானா?" என்று இசக்கியைக் கேட்டேன்.

"நாந்தான்."

"எத்தனை வீட்டுக்கு?"

"அஞ்சு வீட்டுக்கு. மொத நாளு ரெண்டு, மறுநாளு ரெண்டு, கடைசி நாளு ஒண்ணு. எனக்கு ஊசின்னா பயமில்ல பாத்துக்கிடுங்க. அவுகளுக்கெல்லாம் கை நடுங்குது."

"அவர் உன்னைப் பார்க்கலையா?"

"அவுக எங்க மூஞ்சியப் பாத்தாவ? ஒங்கள மாதிரி கையத்தான் பாத்தாவ."

ஐந்து பேருக்கு ஒரே அளவு! ஒரே ஓடை, ஒரே கொசு! ஒரே ஆளாக இருந்தால் ஒரே அளவாகத்தானே இருக்கும்! அண்ணாச்சியை நிறுத்திவைத்து மற்ற பத்தொன்பது பெயரையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். "அதெல்லாம் அவனவன்தான்" என்று சத்தியம் செய்தார். நம்பாமல் அன்று சாயங்காலம் வீடு வீடாகப் போய் எல்லோர் முகத்தையும் பார்த்து, பங்குனியிலும் கொடுத்தது அவரேதானா என்று கேட்டேன். அவனவன்தான்.

நிஜக் கந்தையாவையாவது பிடித்துவிடலாம் என்று நாலாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். மீசை காதுவரை போனது. பட்டாளத்தில் இருந்தவர், யுத்தத்தில் பர்மாவில் மலேரியா வந்து கிடந்தவர். கேட்டதும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. எப்பேர்ப்பட்ட ரத்தம்! அவர் சுவரில் மாட்டிய துப்பாக்கிப் படத்துக்குக் கீழே கம்பீரமாக உட்கார்ந்து சொன்னார்: "குண்டு பாயட்டும், நிப்பேன். ஊசி மட்டும் கூடாது தம்பி."

"ஒரு நிமிஷம்தாங்க ஐயா."

"இவ்வளவு தூரம் படிச்சுட்டு வந்திருக்கீரு. சரி, போடும்." கையை நீட்டினார். பஞ்சால் துடைத்தேன். ஸ்பிரிட் வாசனை வந்ததும் மீசையோடு சேர்ந்து சாய்ந்துவிட்டார். அவர் மனைவி விசிறிக்கொண்டே, "பர்மாவுல எப்படித்தான் இருந்தாவளோ" என்றாள். ரத்தம் எடுக்காமல் திரும்பினேன். எடுத்துத்தான் என்ன? பங்குனி ரத்தம் அவருடையது இல்லையே. ஜோடி சேராது.

கொட்டகையில் மாடசாமி அண்ணாச்சி வெற்றிலை மென்றுகொண்டு காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"ஏன் தம்பி இப்படிக் கெடந்து அலையுதிய? பங்குனியில அஞ்சு வீட்டுக்கும் குடுத்தது இவன். இப்பவும் இவனே குடுத்தாம்னா பழையதும் புதுசும் ஒத்துப் போகும்லா? இதுல என்ன கெட்டுப் போச்சு?"

அவர் சொன்னதில் தவறே இல்லை. அதுதான் எரிச்சல். இசக்கி மறுபடி ஐந்து குழாய் கொடுத்தால், ஐந்து ஜோடியும் அப்படியே பொருந்தும். ஐந்தும் ஒரே அளவில் ஏறும். பெரிய டாக்டர் வராந்தாவில் குதிப்பார். கட்டுரை அச்சாகும். கீழே என் பெயர் இருக்கும், அப்பா அதைத் தடவிப் பார்ப்பார். சென்னையிலிருந்து யார் வந்து இசக்கியின் முழங்கையைப் பார்க்கப் போகிறார்கள்?

அந்த நிமிஷம் நான் சுத்தமான மனிதனாக இருக்கவில்லை. ஐந்து காலிக் குழாயை எடுத்து வரிசையாக வைத்தேன். இசக்கி தானாகவே வந்து கையை நீட்டினான். முதல் குழாயில் ரத்தத்தை இறக்கிவிட்டுச் சீட்டை எடுத்தேன். பேனாவைத் திறந்தேன்.

"எந்த வீடு போடுதிய?" என்று இசக்கி எட்டிப் பார்த்தான்.

"உன் வீடு எங்க?" என்றேன், ஏன் கேட்டேன் என்று தெரியாமலே.

"எங்க வீடு ஓடைக்கு அந்தால. அது ஒங்க தாள்ல இருக்காது."

"ஏன்?"

"எங்களுக்கு ஏது வயலு? வயலு இருந்தாத்தான கால்வா. கால்வா இருந்தாத்தான வீட்டுக்கு ஒரு ஆளு." விறகுக்காக மாதத்தில் பாதி நாள் மலைக்குள் படுக்கிறானாம். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது குளிர் காய்ச்சல் வருமாம், வந்தால் இரண்டு கம்பளி போதாதாம். "இப்பல்லாம் அம்புட்டு அடிக்கதில்ல. காய்ச்சலுக்கே என்னையப் பாத்துச் சலிச்சுப் போச்சு போல."

ஆறாவது குழாய்வரை ஒளிர்ந்த ரத்தம் இவனுடையது. ஓடைத் திருப்பத்துக் கொசுவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பட்டியலிலேயே இல்லாத ஆளை ஐந்து முறை அளந்துவிட்டு, அதை ஐந்து வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறோம்.

"அப்பா பேரு சொல்லு" என்றேன்.

"எங்க அப்பா பேரு எதுக்கு?"

"எழுதணும்."

சொன்னான். எழுதினேன். இசக்கி, அவன் அப்பா பெயர், ஓடைக்கு மேற்கே. பட்டியலில் இருபத்தைந்தாவது வரி. மேலே அந்த ஐந்து பெயர்களின் மீதும் கோடு போட்டேன். முந்தின நாள் கந்தையா என்று எழுதி எடுத்த குழாயை ஓடையில் கொட்டினேன். இசக்கி திடுக்கிட்டான்.

"என்னவே இது? என் ரத்தத்தத் தண்ணியில விடுதீரு!"

"ஒண்ணு போதும்பா."

"அப்ப பங்குனியில எதுக்கு அஞ்சு எடுத்திய? நல்ல டாக்டருகய்யா! கந்தையா வீட்டு ஆச்சிக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனான். அந்தக் கோபம் நியாயமானது. அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அவன் ஓடையைத் தாண்டிய பிறகுதான்.

மிச்ச மூன்று நாளில் பாக்கிப் பேரிடம், முகத்தைப் பார்த்து, அப்பா பெயரைக் கேட்டு, எடுத்து முடித்தேன். திரும்பும் ரயிலில் ஐஸ் மதுரை வருவதற்குள் பாதி கரைந்துவிட்டது. எதிர் இருக்கைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தம்பி, இந்த மீனு இனிமே தேறாது, தூரப் போட்டுரும்" என்று விழுப்புரம்வரை புத்தி சொன்னார். விழுப்புரத்தில் இறங்கி ஊருக்குப் போய்விடலாமா என்றிருந்தது.

பெரிய டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். தூர் வாருவது, பஞ்சு, பட்டாளத்துக்காரர், ஓடை எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாச்சி சொன்ன யோசனையையும், நான் ஐந்து குழாயை வரிசையாக வைத்ததையும்கூடச் சொன்னேன். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஊருக்கே தெரியும் சார். தெரியாம இருந்தது நாமதான்."

மேஜை அறையைத் திறந்து டைப் அடித்த கட்டுரையை எடுத்தார். தலைப்புக்குக் கீழே மூன்று பெயர். மூன்றாவது என்னுடையது. என் பெயரை அப்படி டைப் எழுத்துகளில் நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எந்த எழுத்தும் விடுபடவில்லை. சிவப்புப் பென்சிலால் முதலில் தன் பெயரை அடித்தார். பிறகு சீனியர். பிறகு நான். அதற்குக் கீழே இருந்ததை அவர் படிக்கவேயில்லை.

"அந்த இருபத்தஞ்சாவது ஆளோட சீரம் கெட்டுச் சிவக்காம வந்திருக்கா?"

"நல்லா வந்திருக்கு சார்."

"போய் அள."

இருட்டறையில் கண் பழகப் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தில் அப்பாவுக்கு எழுத வேண்டிய கார்டை மனசுக்குள் நாலு விதமாக ஆரம்பித்துப் பார்த்தேன். தபால்காரர் சத்தமாகப் படிப்பார் என்பது நினைவுக்கு வந்தது. நாலுமே சரிப்படவில்லை. மைக்ராஸ்கோப்பின் விளக்கைப் போட்டு, இசக்கியின் முதல் தகட்டை அதில் வைத்தேன்.